கவுறு கேட்ட சுவர்க்கோழிகள்

பூங்குளம் அபார்ட்மென்ட்ஸின் முதல் மாடியில் ஓர் ஓணானுக்குத் தீனியாக வாங்கிய சுவர்க்கோழிகள் ஆனி மாதத்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தப்பித்தன, பதினொன்றரை மணிக்குப் பேச ஆரம்பித்தன, பேசியது ஒரே ஒரு வார்த்தைதான், அந்த வளாகத்தின் எழுபத்திரண்டு வீடுகளில் அதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் நாலாவது மாடி திவாரி குடும்பத்தார் மட்டும்தான்.

ஓணான் ஹரிகேசவனுடையது. முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகாதவன், வாடகைக்கு இருந்துகொண்டு வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்ப்பவன். அது ஆஸ்திரேலிய வகை, தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி வைத்தது, முழங்கை நீளம் இருக்கும். அதற்கு மார்கோ என்று பேர் வைத்து, ஹாலில் ஆளுயரத்துக்குக் கண்ணாடிக் கூண்டு செய்து, உள்ளே மணலும் போலிப் பாறையும் காய்ந்த கிளையும் போட்டு, மேலே சூடு தரும் விளக்கை மாட்டி, கூண்டின் சூடு இரண்டு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் தன் போனில் மணியடிக்கும்படி செய்திருந்தான். சுவர்க்கோழிகள் வாரத்துக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கூரியரில் வரும். அவனுக்கு ஓணானைப் பிடிக்கும், பூச்சியைத் தொடப் பிடிக்காது. முட்டை அட்டைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் அவற்றைக் கையால் அள்ளி, சத்துப்பொடியில் புரட்டி, கூண்டுக்குள் பத்துப் பத்தாக விடுகிற வேலையைப் பூஷணம் செய்தாள்.

பூஷணம் அந்த வளாகத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்து ஐந்து மாதமாகியிருந்தது. அவள் வருவதற்கு முன்னால் அவளுடைய கணவன் ஏகாம்பரம் வந்திருந்தான், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு. வளாகத்தின் செப்டிக் டேங்கில் இறங்கினான், உயிரோடு மேலே வரவில்லை. தொட்டிக்குள் விழுந்த தன் செல்போனை எடுப்பதற்காகக் குடிபோதையில் யாரிடமும் சொல்லாமல் தானே இறங்கினார் என்று சங்கத்தின் செயலாளர் ரத்னவேல் போலீஸில் எழுதிக் கொடுத்தார். ஏகாம்பரத்தின் செல்போன் அன்று அவன் வீட்டு அடுப்பு மேடையில் சார்ஜில் கிடந்தது. பூஷணம் அதை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் மேசைமேல் வைத்தாள். "இன்னொரு போன் வச்சிருந்திருப்பான், உனக்குத் தெரியாம" என்று எழுத்தர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். இரண்டு போன் வைத்துக்கொள்கிறவன் எதற்காக மலத்தொட்டியில் இறங்கப்போகிறான் என்று அவள் கேட்டது எந்தத் தாளிலும் ஏறவில்லை. பிறகு ரத்னவேல் அவளைக் கூப்பிட்டு, மனிதாபிமான அடிப்படையில் என்று தொடங்கும் ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டி, துப்புரவு வேலை தந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். என்ன நடந்தது என்று தெரிந்த ஆட்கள் அந்த மதில் சுவருக்குள்தான் இருந்தார்கள், அதை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

அந்த வியாழக்கிழமை புதுப் பெட்டி வந்தது. அலுவலகக் கூட்டத்தில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஹரிகேசவன், தன் ஓணானைச் சக ஊழியர்களுக்குக் காட்டலாமென்று கூண்டுக் கதவைத் திறந்தான். கூண்டின் தலைமேல் வைத்திருந்த பெட்டி முழங்கை பட்டுச் சரிந்து, கூண்டுக்குள்ளேயே தலைகீழாகக் கவிழ்ந்தது. ஆயிரம் சுவர்க்கோழிகள் மணலில் கொட்டின. மார்கோ இரண்டைத் தின்றது. அவை குறையாமல் வருவதைப் பார்த்ததும் கிளையின் நுனிக்கு ஏறி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. தீனியாக வந்தவை தீனி தின்ன வேண்டியதன்மேல் ஏறின, முதுகில் நடந்தன, வால் நுனியைக் கடித்தன. மற்றவை பாறைக்கடியிலும் மரப்பட்டைக்குள்ளும் புகுந்து, விளக்கின் ஒயர் போகும் துளை வழியாக வெளியே வந்து, குளியலறைக் குழாய்களின் இடுக்கில் இறங்கிக் காணாமல் போயின.

"அக்கா! மார்கோவைத் தூக்குங்க! கடிக்குது, கடிக்குது!" என்று ஹரிகேசவன் சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினான்.

பூஷணம் ஓணானைத் தூக்கி, ஒட்டியிருந்த பூச்சிகளைத் தட்டிவிட்டு, அவன் கையில் கொடுத்தாள். வால் நுனியில் கடுகளவு ரத்தம். அவன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாமல், வீட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல், கால்நடை டாக்டரிடம் ஓடினான். அந்த ஓட்டத்தைப் பூஷணம் வாசலில் நின்று பார்த்தாள். இவ்வளவு வேகமாக ஓட இந்தக் கட்டிடத்தில் ஆள் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் தனியாக மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போலிப் பாறைக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"கவுறு."

அவள் கை நின்றது.

"கவுறு" என்றது சமையலறைப் பக்கம் ஒன்று. "கவுறு" என்றது குளியலறைக்குள் ஒன்று. பிறகு குழாய் இடுக்கு முழுக்க, மேலும் கீழும், கவுறு கவுறு கவுறு என்று இரைந்தது. கயிறு என்று படித்தவர்கள் சொல்லும் வார்த்தையைத் தையூர்ப் பக்கத்தில் சொல்கிற மாதிரி, ஏகாம்பரம் சொல்கிற மாதிரி, ‘வு’வை அழுத்தி, முடிவில் மூச்சை விட்டுச் சொன்னது. அந்தப் பூச்சிகள் பெங்களூரில் பிறந்தவை, தமிழையே கேட்டிராதவை, பொங்கல் சமயத்தில் அந்த வீட்டில் இருந்த சுவர்க்கோழிகளெல்லாம் மார்கோவின் வயிற்றுக்குள் போய் மாதங்களாகியிருந்தன. அதையெல்லாம் பூஷணம் யோசிக்கவில்லை. தொட்டிக்குள் நின்ற ஆள் மேலே பார்த்து எதையோ கேட்டிருக்கிறான், கேட்டது இதுதான், கேட்டது இத்தனை நாளும் கிடைக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவள் கிண்ணத்தை நிமிர்த்தினாள். பிடித்து வைத்திருந்த அறுபதும் துள்ளிப் போயின.

மாலைக்குள் எழுபத்திரண்டு வீடுகளும் கேட்டுவிட்டன. ஏன் பூச்சி பேசுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் இந்த வார்த்தையைப் பேசுகிறது என்றும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்று பயம் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில், பகலில்கூடச் சத்தம் போடுகிறதே என்று ஒருவர் எழுதினார், மழைக்காலம் வந்தால் போய்விடும் என்று இன்னொருவர் எழுதினார், கும்பிடு போடும் கைகளை நாற்பது பேர் அனுப்பினார்கள். மருந்தடிக்கிற ஆட்கள் வந்து மூன்று நாள் புகைபோட்டார்கள். செத்த சுவர்க்கோழிகளை முறத்தால் வாரினார்கள், சாக்கில் கட்டினார்கள். செத்தது எவ்வளவோ அவ்வளவும் சுவருக்குள் மிச்சமிருந்தது. இரண்டாவது மாடியில் தமிழ் டியூஷன் எடுக்கும் டீச்சர், பிள்ளைகள் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்ததைப் பார்த்து, "அது கொச்சை, கயிறுன்னு திருத்தமா சொல்லணும்" என்று கண்டித்தார். பிள்ளைகள் கயிறு என்றார்கள், சுவர் கவுறு என்றது.

திவாரி வீட்டம்மாள் பூஷணத்தை மாடிப்படியில் நிறுத்தினாள். அவர்கள் குடி வந்தது பங்குனியில்தான்.

"பூஷணம், கவுறு என்னா? போன்ல தேடினேன், இல்லே."

பூஷணம் துணி காயும் கொடிக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"ஓ, ரஸ்ஸி! யாருக்கு வேணும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டது அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திதான். மொழி தெரியாதவள் என்பதால் கேட்டுவிட்டாள். பூஷணம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், கையைக் கீழே காட்டி, மூக்கைப் பொத்திக் காட்டி, கழுத்திலிருந்த வெறுமையைத் தொட்டுக் காட்டி. திவாரி வீட்டம்மாளின் கண் கலங்கியது. பூஷணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலிலும் சிவப்புக் குஞ்சம் வைத்த ஒரு கயிறு தொங்கியது.

ஏனென்றால் அதற்குள் கயிறு கட்டும் வழக்கம் வந்துவிட்டிருந்தது. சி பிளாக்கில் யாரோ ஒருவருடைய குருஜி, கேட்டதைக் கொடுத்துவிட்டால் கேட்பது நிற்கும் என்று போனில் சொன்னாராம். முதலில் ஒரு வீட்டில் தேங்காய் நார்க் கயிறு தொங்கியது, அப்புறம் பத்து வீட்டில், அப்புறம் எல்லா வீட்டிலும், நைலான் கயிறு, பருத்திக் கயிறு, பூ வேலைக்காரர்கள் முறுக்கிக் கொடுத்த மணிக்கயிறு, பால்கனிக்குப் பால்கனி கயிறு, குளியலறைக் கதவில் கயிறு, ஸ்கூல் பையில் சின்னக் கயிறு. வெள்ளிக்கிழமைகளில் கயிற்றுக்குக் குங்குமம் வைத்தார்கள். கேளம்பாக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் வளாகத்து வாசலுக்கே வண்டி அனுப்பினார். கயிறு கட்டிய பிறகு சத்தம் குறைந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். சத்தம் குறையவில்லை. காது பழகிவிட்டது. அதன் நடுவில் சாப்பிட்டார்கள், பேரம் பேசினார்கள், சீமந்தம் வைத்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு கயிறு இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவன் செத்த இடத்தைச் சுற்றி நானூறு கயிறுகள் காற்றில் ஆடின, அவற்றைத் தூசி தட்டுகிற வேலையும் பூஷணத்தின் தலையில்தான் விழுந்தது.

அவள் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாள். கையில் துடைப்பத்தோடு நின்று, "அது யாரு கேக்குறதுன்னு உங்களுக்குத் தெரியிதா?" என்று கேட்டாள். "பூச்சிதானே, பூஷணம்" என்றார்கள். "நாங்க அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்றார்கள். "பழசையெல்லாம் கிளறாதே, உனக்குத்தான் வேலை குடுத்திருக்காங்களே" என்றார்கள். அவளுக்குள் கோபம் எரியவில்லை, எரிந்திருந்தால் அணைந்துபோயிருக்கும்; அது பாறை மாதிரி இறுகி, அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது.

கடைசியாக ஹரிகேசவனைக் கேட்டாள். அவன் வீட்டுப் பால்கனி நேராக அந்தத் தொட்டியின் மூடிக்கு மேலே இருந்தது. வாலில் மருந்துக்கட்டோடு மார்கோ கிளையில் கிடந்தது. பேசும் பூச்சிகளைத் தின்ன மறுத்து, பூசணிக்கீற்றையும் கீரையையும் கொறித்து இளைத்திருந்தது. அவன் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீ அன்னிக்கு வூட்லதான இருந்த?"

"எந்த அன்னிக்கு அக்கா?"

"நீ கேக்கிற கேள்வியிலயே தெரியுது உனக்கு எந்த அன்னிக்குன்னு."

அவன் கை நின்றது. "ஹெட்போன் போட்டிருந்தேன் அக்கா. மீட்டிங். எதுவும் கேக்கல."

"கவுறு" என்றது அவன் காலடியில் சோபாவுக்குள்ளிருந்து ஒன்று. அவன் காலைத் தூக்கி மடித்துக்கொண்டான்.

"இத்தப் பார்த்து ஏன் பயப்படுற? எதுவும் கேக்காதவனுக்கு இது வெறும் பூச்சிதான?"

"அக்கா, நான் வாடகைக்கு இருக்கிறவன். தனி ஆள். பேச்சிலரை வைக்கக்கூடாதுன்னு மூணு தடவ தீர்மானம் போட்டாங்க. ரத்னவேல் சார் சொல்லித்தான் விட்டுவச்சிருக்காங்க."

"நான் கேட்டது அது இல்லையே."

பூஷணம் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு, "ஓணானுக்குச் சூடு கம்மியா கீது, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்ததும் ரத்னவேல் ஒரு முடிவுக்கு வந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்தால்தான் காலை நடை ஜீரணமாகும் அவருக்கு. மருந்தடித்தும் சாகாததால் சுவர்க்கோழிகள் செப்டிக் டேங்கில் முட்டையிட்டுப் பெருகுகின்றன என்று கண்டுபிடித்தார். டேங்கை அடி வரைக்கும் சுத்தம் செய்யவேண்டும் என்று குழுவில் எழுதினார். கும்பிடு போடும் கைகள் அறுபதுக்கு மேல் வந்தன. டேங்க் என்ற வார்த்தையைப் படித்தபோது யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கழிவுநீர் லாரி வந்தது. குழாய் மேல் தண்ணீரை உறிஞ்சியது, அடியில் கெட்டியாகக் கிடந்ததை உறிஞ்ச முடியவில்லை. ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்து வருஷங்களாகியும், சட்டத்தை ரத்னவேல் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவராக இருந்தும், லாரியோடு வந்த இருவரில் சம்பத் என்பவன் சட்டையைக் கழற்றி லாரியின் கண்ணாடியில் மாட்டினான். வேலையை மேற்பார்வையிட வசதியாக ரத்னவேல் மர நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டார். மாடிகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன, நாற்றத்துக்காக.

ஏ பிளாக் படியைத் துடைத்துக்கொண்டிருந்த பூஷணம் சட்டையில்லாத அந்த முதுகைப் பார்த்தாள். மாப்பை அப்படியே போட்டாள். வந்து, சம்பத் நகர்த்தி வைத்திருந்த இரும்பு மூடியைத் தன் இரண்டு கையாலும் இழுத்துத் தொட்டி வாயைப் பாதி மூடி, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எந்திரி. வேலை நடக்குதில்ல?" என்றார் ரத்னவேல்.

"நடக்காது."

"உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போ."

"எங்க வூட்டுக்காரரு ஏன் எறங்குனாருன்னு நீங்க சொன்னீங்கன்னா எந்திரிக்கிறேன்."

"அதான் அன்னிக்கே எழுதிக் குடுத்தாச்சே. குடிச்சிட்டு, போனை எடுக்கறதுக்காக..."

"போன் எங்க வூட்டு அடுப்பு மேடையில இருந்துச்சு!" அந்தச் சத்தத்துக்கு மூடின ஜன்னல்கள் சில திறந்தன. "அவரு குடிக்கவே மாட்டாரு, குடிச்சாக் குமட்டும் அவருக்கு! மல நாத்தத்துல வேல செய்யுற ஆளு, குடிக்காமலே செஞ்சாரு! ஒரு ஆள சாவடிச்சிட்டு அவன் மேலயே பழி எழுதி வைப்பீங்க, அப்புறம் அவன் பொண்டாட்டிய வச்சே உங்க மாடிப்படியத் துடைப்பீங்க. கவுறு கவுறுன்னு அந்தாளு செவுத்துக்குள்ள இருந்து கத்துறாரு, நீங்க அதுக்குக் குங்குமம் வைக்கிறீங்க. உங்களுக்கெல்லாம் காதுல என்னாதான் இருக்குது?"

ஜனங்கள் இறங்கி வந்தார்கள், சுற்றி நின்றார்கள், யாரும் பக்கத்தில் வரவில்லை. ரத்னவேல் எழுந்து நின்று, பொறுமையான குரலில், துக்கத்தில் பேசுகிறாள், நாம் புரிந்துகொள்ளவேண்டும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு சம்பத்தைப் பார்த்து, "நீ ஆரம்பிப்பா" என்றார்.

"அவர் குடிக்கல" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

ஹரிகேசவன் பால்கனியில் நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் அண்ணாந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டான். போய்விட்டான் என்றுதான் நினைத்தார்கள். சற்று நேரத்தில் படி வழியாக இறங்கி வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தொட்டிக்குப் பத்தடி தள்ளி நின்றான். அதற்கு மேல் கால் வரவில்லை.

"அன்னிக்கு நான் பால்கனியிலதான் இருந்தேன். ஹெட்போன் கழுத்துல கிடந்துச்சு. எறங்கச் சொன்னது ரத்னவேல் சார்தான். பொங்கலுக்கு விருந்தாளிங்க வர்றாங்க, அடி வரைக்கும் எடுத்தாத்தான் ஆச்சுன்னு சொன்னார். இவங்க வீட்டுக்காரர் வேணாம்னார், உள்ள விஷக் கேஸ் இருக்கும் சார்னார். அப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு சார் சொன்னதும் எறங்கினார்."

"இவன் பேச்சைக் கேக்காதீங்க, இவன் கூண்டிலிருந்துதான் இந்தப் பூச்சியே வந்துச்சு" என்றார் ரத்னவேல்.

"உள்ள போனதும் கத்தினார். கவுறு போடுங்க, கவுறுன்னார். செக்யூரிட்டி லாசர் அண்ணன் ஆபீசுக்கு ஓடினார். அங்க பீரோவுல புதுக் கயிறு இருந்துச்சு, கை மொத்தத்துக்கு, பொங்கல் விளையாட்டுல கயிறு இழுக்கற போட்டிக்கு வாங்கினது. சாவி சார்கிட்ட இருந்துச்சு, திரும்பி ஓடிவந்து கேட்டார். சார் குடுக்கல. அதுல இந்த நாத்தம் ஏறிட்டா அப்புறம் யாரு தொடுவா, வேற ஏதாவது பாருன்னார். லாசர் அண்ணன் அழுதார். அவரை அடுத்த வாரமே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"எத்தன தடவ கேட்டாரு?" என்றாள் பூஷணம்.

"என்னக்கா?"

"கவுறுன்னு எங்க வூட்டுக்காரரு எத்தன தடவ கேட்டாரு?"

"எண்ணல அக்கா. பத்து இருக்கும். பன்னண்டு." அவன் தன் பால்கனியை அண்ணாந்து பார்த்தான். "நாத்தம் வந்துச்சுன்னு நான் பால்கனி கதவைச் சாத்திட்டேன். மார்கோவுக்கு ஒத்துக்காதுன்னு."

"எண்ணியிருக்கலாம்" என்றாள் அவள். "அதுக்குக்கூட ஒரு ஆள் இல்லாமலா போனாரு."

ஹரிகேசவன்தான் மறுபடி பேசினான், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. "நாலாம் நாள் அதே கயித்தைத்தான் இழுத்தோம். நானும் இழுத்தேன். ஏ பிளாக் ஜெயிச்சுது."

கூட்டத்தில் நின்றவர்களில் அந்தக் கயிற்றை இழுக்காதவர்கள் குறைவு. ஆண்கள், பெண்கள், டியூஷன் டீச்சர்கூட இழுத்திருந்தார், போட்டோ எல்லாம் குழுவில் இருந்தது. ஒருவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவரும் துடைத்தார். அப்புறம் எல்லாரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், துப்பட்டாவிலும் முந்தானையிலும் கால்சட்டையிலும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்கள். சுவர்களுக்குள் அந்த ஒற்றை வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது.

சம்பத் லாரிக் கண்ணாடியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான்களை நிதானமாக, ஒன்று விடாமல் மாட்டினான்.

"நான் எறங்கல" என்றான்.

"அட்வான்ஸ் வாங்கியிருக்கே" என்றார் ரத்னவேல்.

"நீ எறங்கு, அட்வான்ஸ நீயே வச்சுக்கோ" என்றான் சம்பத். பிறகு பூஷணத்திடம் வந்து, "அண்ணி, ஏகாம்பரம் அண்ணன் எனக்குச் சோறு போட்டவரு. இது அந்த எடம்னு என்கிட்ட யாரும் சொல்லல" என்றான். அவள் எழுந்துகொண்டாள். இருவருமாக மூடியை இழுத்து முழுக்க மூடினார்கள். லாரி திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததும் கோபம் வரும்படிதான் நடந்தது. ஹரிகேசவன் வாக்குமூலம் கொடுத்தான். மார்த்தாண்டத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லாசர், பஸ் ஏறி வந்து தானும் கொடுத்தார். வழக்கு மாற்றி எழுதப்பட்டது. ஏகாம்பரத்தின் பேருக்கு முன்னால் இருந்த குடிபோதையில் என்ற வார்த்தை அடிக்கப்பட்டது. அந்த அடித்த கோட்டைப் பூஷணம் விரலால் தடவிப் பார்த்தாள். ரத்னவேல் முன்ஜாமீன் வாங்கினார். உடல்நிலை காரணமாகச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். சங்கத்தார் அவருக்குச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். தொட்டி நிரம்பி முற்றத்தில் வழியத் தொடங்கியதும் ஆள் இறங்காமல் அடி வரை உறிஞ்சுகிற எந்திர வண்டியை வரவழைத்தார்கள். ஒரு போன் பண்ணினால் வரக்கூடிய தூரத்தில் அது எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

கயிறுகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தொங்கவிட்டிருக்கவும் கூசியது, அவிழ்த்துக் குப்பையில் போட்டால் பூஷணம் பார்த்துவிடுவாள். சுவர்க்கோழிகள் நிறுத்தவில்லை. வழக்கு மாறினால் நிறுத்தும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள், எந்திரம் வந்தால் நிறுத்தும் என்று சிலர். அவை யாரைக் கேட்கின்றன என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் சத்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்டது. நாலு குடும்பங்கள் வீட்டை விற்கப் பார்த்தன.

ஹரிகேசவனைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் ஏற்றுகிற அன்று, துண்டில் சுற்றிய மார்கோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கணக்கு முடிக்க வந்திருந்த பூஷணத்தின் முன்னால் நின்றான்.

"மன்னிச்சிருங்க அக்கா."

அவள் சரிந்த துண்டை மார்கோவின் வால்மேல் இழுத்துவிட்டாள். "பேசினியே, அது சரி. அதுக்கு உன்ன நல்லா இருன்னு சொல்றேன். மன்னிப்ப என்கிட்ட கேக்காத தம்பி. உன்னக் கூப்பிட்டது நான் இல்ல."

"இதுங்க எப்பதான் நிறுத்தும்?"

"ஏன் நிறுத்தணும்?" என்றாள். "நிறுத்தக் கூடாது."

அவன் போன பிறகு அவள் காலி வீட்டுக்குள் போனாள். கூண்டை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது நின்ற இடத்தில் மணலும் முட்டை அட்டையும் கிடந்தன. தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் ஒரு ஆணியால் நாலு ஓட்டை போட்டு, ஒரு கேரட் துண்டை உள்ளே போட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, சுவரோரமாகக் கையைக் குவித்து வைத்தாள். இப்போது அவை ஓடவில்லை. ஒவ்வொன்றாக வந்து ஏறின.

நாவலூர்ப் பக்கம் ஒரு பெரிய வளாகத்தில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள், முந்நூறு வீடு, மூன்று தொட்டி. தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். பஸ் நிறைய வேலைக்குப் போகிற பெண்கள். பக்கத்தில் நீலக் கோட்டு போட்ட ஒருத்தி, வேறொரு கட்டிடத்துப் பேர் முதுகில் எழுதியிருக்க, ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். சிறுசேரி தாண்டும்போது தூக்குக்குள்ளிருந்து ஒன்று பேசியது.

நீலக் கோட்டுக்காரி தலையைத் தூக்கினாள். "இன்னா அது?"

"சுவர்க்கோழி."

"இன்னாமோ சொல்லுது."

"கவுறு கேக்குது. எங்க வூட்டுக்காரரு கேட்டது."

அந்தப் பெண் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு ஸ்டாப் போயிற்று. மூன்றாவது ஸ்டாப்பில் பஸ் நின்று கிளம்பியபோது, ரோட்டையே பார்த்துக்கொண்டு, "எங்க பில்டிங்ல ரெண்டு பேரு. போன ஐப்பசில. அண்ணனும் தம்பியும்" என்றாள்.

பிறகு பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள். மதியத்துக்கு வைத்திருந்த சோற்றை ஒரு காகிதத்தில் தட்டி மடித்து ஓரமாக வைத்தாள். முந்தானையால் டப்பாவைத் துடைத்து, மூடியைத் திறந்து, பூஷணத்தின் மடியோரம் நீட்டினாள்.

"பாதி குடு."

பூஷணம் தூக்கைச் சாய்த்தாள். "பார்த்துப் புடி. ஓடிடும்."

"ஓடட்டும்" என்றாள் அவள்.